காரைக்காலில் கண்டெடுத்த பொருள்

புதன்கிழமை காலை ஒன்பதே கால். மயிலாடுதுறைப் பேருந்து நிலையத்தில் காரைக்கால் வண்டியில் சன்னலோர இருக்கை கிடைத்தது. கட்டணம் முப்பத்தெட்டு ரூபாய். தொலைவு நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இவ்வளவு குறுகிய பயணத்துக்கு ஒரு கட்டுரையா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். நான் வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒரு காகிதம் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போய்ச் சேர்வதற்குள் காசிக்குப் போய்த் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்கும் பழக்கம் எனக்குப் போய்விட்டது.

போன வாரம் நிஜாமுதீன் கைபேசியில் அழைத்தார். எங்கள் அலுவலகத்தில் பத்து ஆண்டுகள் கேன்டீன் நடத்தியவர். பிறகு மனைவியின் ஊரான காரைக்காலுக்குப் போய்ச் சொந்தமாக உணவகம் தொடங்கினார்.

"வெள்ளிக்கெழம சாயங்காலம் கடைய வாடகைக்கு விடப்போறோம் சார். செல்போன் கவர் விக்கிற ஒரு தம்பி குடோனுக்குக் கேக்குறாரு. அதுக்கு முன்னாடி ஒரு தடவ வந்து சாப்ட்டுட்டுப் போங்க."

"அப்புறம் நீங்க?"

"துபாய்ல மச்சினன் ஒரு கேம்ப் மெஸ்ஸுல சொல்லி வச்சிருக்கான். கரண்டி புடிக்கிற கைக்கு எந்த ஊரா இருந்தா என்ன சார்."

கல்யாணத்துக்கு அழைப்பவரைப்போல உற்சாகமாகச் சொன்னார். அந்த உற்சாகம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. அந்த வயதில் நான் அலுவலக மாடிப்படி ஏறுவதற்கே மருத்துவச் சான்று வைத்திருந்தேன்.

செம்பொனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார். இருபுறமும் நடவு முடிந்த வயல்கள். பூவத்தில் எல்லை. தமிழ்நாடு முடிந்து புதுச்சேரி ஆட்சிப்பகுதி தொடங்குகிறது என்று அறிவிக்கப் பெயர்ப்பலகை தேவையில்லை, மதுக்கடைகளே போதும். பேருந்தில் பாதிப் பேர் அங்கேயே இறங்கிவிட்டார்கள்.

"நீங்க எறங்கலீங்களா?" என்றார் நடத்துநர்.

"நான் காரைக்காலுக்குச் சாப்பிடப் போறேன்."

"அவங்களும் வீட்ல அப்படிச் சொல்லிட்டுத்தான் வர்றாங்க."

எல்லைப் பாலத்தைத் தாண்டியதும் எனக்குத் தெரிந்த அரசாணைகளில் முக்கால்வாசி செல்லாதவை ஆகிவிட்டன. ஆனால் அரசாணை வேறு, அலுவலகம் வேறு. அலுவலகம் எல்லைக்கு இருபுறமும் ஒரே தாய் வயிற்றில் பிறந்தது. அந்த நம்பிக்கையோடு பதினொரு மணிக்குக் காரைக்காலில் இறங்கினேன்.

விடுதியில் அறை எடுத்துச் சற்று ஓய்ந்துவிட்டு, பன்னிரண்டரைக்கு ஆட்டோ பிடித்தேன். ஓட்டுநரின் பெயர் செந்தில். ஐம்பது ரூபாய் கேட்டார். கடையின் பெயரைச் சொன்னேன், தெரியவில்லை. பெயர்ப்பலகையில் உள்ள பெயரை அந்த ஊரில் யாரும் படித்ததில்லை என்பது நினைவுக்கு வந்து, "மூணு மேசைக் கடை" என்றேன்.

"அத மொதல்லயே சொல்லக்கூடாதுங்களா!"

தொடங்கும்போது மூன்று மேசைகள் இருந்தன. இப்போது ஆறு. பெயர் மட்டும் மாறவில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் அளவுகோல் வைத்துப் போட்ட நேர்நேரான வீதிகள் கொண்டது பழைய காரைக்கால். ஒரு முனையில் நின்றால் மறுமுனை தெரியும். அதனால் காலியாக இருப்பதும் முழுதாகத் தெரிகிறது. ஒரு காலத்தில் இங்கே அரசு அலுவலகங்கள் இருந்தன; அவை புதிய கட்டடங்களுக்குப் போய்விட்டன. அவற்றோடு மதியம் சாப்பிடும் குமாஸ்தாக்களும் மனு எழுதித் தருபவர்களும் போய்விட்டார்கள். புறவழிச்சாலையில் கார் நிறுத்த இடமும் குளிர்சாதனமும் உள்ள உணவகங்கள் வந்துவிட்டன. மிச்சம் இருப்பவர்கள் வீட்டில் உட்கார்ந்து செல்போனில் பிரியாணி வரவழைக்கிறார்கள். நான் கடந்து வந்த வீதியில் மூடிய கதவுகள்தான் அதிகம். "வாடகைக்கு" என்ற சொல்லை இத்தனை வகை எழுத்தில் ஒரே நாளில் நான் பார்த்ததில்லை.

நிஜாமின் கடை இருக்கும் வீதியின் பெயரை எழுதப் போவதில்லை. காரணம் போகப் போகப் புரியும்.

அந்த வீதியின் முனையில் செந்தில் ஆட்டோவை நிறுத்தினார். குறுக்கே ஓர் இரும்புத் தடுப்பு நின்றது. சிவப்பு, வெள்ளைப் பட்டைகள். பளிச்சென்ற புது வண்ணம். எழுத்து எதுவும் இல்லை.

"உள்ள போகாதுங்க. நடந்துதான் போகணும். அஞ்சாவது கடை."

"ஏன், என்ன வேலை நடக்குது?"

"வேலையெல்லாம் ஒண்ணும் நடக்கல. அடைச்சிருக்காங்க."

"யாரு?"

"யாரோ, கவர்மெண்டுதான். போனா கேஸு போடுவாங்க. ஒரு வருசமா நாங்க யாரும் எந்தப் பக்கத்துலேந்தும் உள்ள வர்றதில்ல. சாப்பாடு கொண்டு போற பசங்ககூட வர்றதில்ல. செல்போன் மேப்புலயே அடைச்ச தெருன்னுதான் காட்டுது."

தடுப்புக்கும் சுவருக்கும் இடையில் ஒரு மனிதன் ஒருக்களித்து நுழையும் அளவுக்கு இடம் இருந்தது. நுழைந்தேன். தடுப்பின் மூலையில் நீட்டிக்கொண்டிருந்த தகடு என் வேட்டியை ஒரு சாண் கிழித்தது.

மதியம் ஒரு மணி. ஆறு மேசைகளில் ஒன்றில்தான் ஆள் இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் பணிபுரிந்து அங்கிருந்து ஓய்வூதியம் வாங்கும் அந்துவான். எண்பதை நெருங்கியவர். ஓய்வூதியக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தவுடன் அறிந்துகொள்வார்கள். இருவரும் தலையசைத்தோம்.

சோறு, மீன் குழம்பு, வறுத்த கெளுத்தி, கீரை: நூற்றுப் பத்து ரூபாய். குழம்பைப் பற்றி ஒரு வரிதான் சொல்வேன். புறவழிச்சாலையின் குளிர்சாதனம் முழுவதையும் அதற்கு ஈடாகக் கொடுக்கலாம்.

நிஜாமின் மனைவி ரஹ்மத் உள்ளே சமையற்கட்டிலிருந்து வந்தார். இந்தப் பக்கத்து மரைக்காயர் குடும்பங்களில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்து இருப்பார். கடைக் கட்டடமும் ரஹ்மத்தின் தகப்பனார் அவருக்குக் கொடுத்ததுதான். ஆகவே கடையை மூடுவதா வேண்டாமா என்பதில் கடைசி வார்த்தை அவருடையது.

"வாங்கண்ணே. இவங்க உங்கள்ட்ட சிரிச்சுப் பேசிருப்பாங்களே? ராத்திரியெல்லாம் மோட்டுவளையப் பாத்துக்கிட்டுக் கெடக்குறாங்க."

"உனக்குத் துபாய்ச் சம்பளம் கசக்குதாக்கும்" என்றார் நிஜாம்.

"சம்பளம் கசக்கல மச்சான். முப்பது வருசம் என் வாப்பா அங்க இருந்தாங்க. நான் வாப்பாவப் பாத்ததெல்லாம் ஏர்போர்ட்டுலதான். இப்ப நீங்களும் அங்க போய் நிக்கணுமா?" என்னிடம் திரும்பினார். "வெள்ளிக்கெழம வரைக்கும் பாக்குறேண்ணே. ஜும்மா முடிஞ்சதும் அஞ்சு கறிச் சோறு போடுறோம். ஒரு தேக்ஸா தீந்துதுன்னா கடை இருக்கும். தீரலன்னா அந்தத் தம்பி அட்வான்ஸோட சாயங்காலம் வர்றாரு, வாங்கிடுவேன். இதுக்கு மேல கறிய வீணடிக்க எனக்கு மனசு இல்ல."

ஐந்து கறிச் சோறு என்பது இங்கே கல்யாண வீட்டுச் சாப்பாடு. நெய்ச்சோறு, ஆட்டுக்கறிக் குருமா, தால்ச்சா, கோழி வறுவல், கத்தரிக்காய்ப் பச்சடி, இனிப்புப் பச்சடி. சஹன் என்ற பெரிய தட்டில் வைத்து நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிட வேண்டும். நிஜாமின் கடையில் சஹன் ஒன்று எண்ணூறு ரூபாய். பொட்டலம் கட்டி அனுப்ப முடியாத சாப்பாடு அது. ஆள் வந்தால்தான் உண்டு. ஆள் வருவதற்கோ வழி இல்லை. கடந்த நான்கு வெள்ளிக்கிழமைகளும் தேக்ஸா என்ற பெரிய அண்டாவில் பாதி பள்ளிவாசலுக்குத் தர்மமாகப் போயிருக்கிறது.

"சார், ஒரு மனு எழுதி வச்சிருக்கேன்" என்றார் நிஜாம். "அந்தத் தடுப்ப எடுக்கச் சொல்லி. நீங்க ஒரு பார்வ பாத்துட்டீங்கன்னா நாளைக்கே கொடுத்துடலாம்."

மனுவைப் படித்தேன். நன்றாக எழுதியிருந்தார். நான்காக மடித்து என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

"கொடுக்கக் கூடாது" என்றேன்.

"ஏன் சார்?"

"இதை எடுங்கன்னு கேட்டா, யார் வச்சதுன்னு தேடுவாங்க. வச்சவன் கிடைக்க மாட்டான். அப்ப அந்த அதிகாரிக்கு ரெண்டு வழி. ஒரு வருஷமா எங்களுக்குத் தெரியாம ஒரு வீதி அடைச்சுக் கிடக்குன்னு எழுதணும். இல்லைன்னா, பொதுமக்கள் பாதுகாப்புக்காக அடைச்சது சரின்னு எழுதணும். நான் அந்த நாற்காலியில உக்காந்திருந்தா எதை எழுதியிருப்பேன் தெரியுமா?"

அந்துவான் கையைக் கழுவிக்கொண்டே சிரித்தார். "ரெண்டாவதுதான். பாரிஸுலயும் அதுதான்."

வியாழக்கிழமை. விடுதி அறை எழுநூறு ரூபாய், கொசு இலவசம். விடிவதற்கு முன்பே விழித்து, காற்று வாங்க நடந்தேன். கடற்கரைக் காற்று அந்த நேரத்தில் வீதிக்குள் நேராக வீசுகிறது. நிஜாமின் வீதி முனைக்கு வந்தபோது தடுப்பு குப்புற விழுந்து கிடந்தது. ஒரு பால் வண்டி அதன்மேல் ஏறாமல் ஒதுங்கி உள்ளே போயிற்று.

அப்போது பள்ளிவாசலில் தொழுதுவிட்டு ஒருவர் வந்தார். குனிந்து தடுப்பைத் தூக்கினார். நிமிர்த்தி வைத்தார். இரண்டடி பின்வாங்கி நின்று பார்த்தார். கோணலாக இருப்பதாகப் பட்டிருக்க வேண்டும். காலால் தள்ளி நேராக்கினார். பிறகு கையைத் தட்டிக்கொண்டு கடையைத் திறக்கப் போனார்.

"நிஜாம்!"

திடுக்கிட்டுத் திரும்பினார்.

"தினமும் இதை நீங்கதான் தூக்கி வைக்கிறீங்களா?"

"காத்துல விழுந்துடுது சார். மாடு வேற வந்து ஒரசும். பாத்துட்டு எப்படிச் சும்மா போறது? கவர்மெண்டு சாமான். நாளைக்கு எவனாச்சும் வந்து கடைக்காரங்கதான் தள்ளிவிட்டாங்கன்னு சொல்லிட்டா?"

"இந்தப் பெயின்ட்?"

அவர் தடுப்பை ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

"நோன்புக்கு முன்னாடி கடை பெஞ்சுக்கெல்லாம் அடிச்சோம். பெயின்ட் மீந்துச்சு. இது துருப் புடிச்சுப்போய் அசிங்கமா இருந்துச்சு. வீதி மொகப்புல நிக்கிதே, பாக்க நல்லாருக்கட்டுமேன்னு..."

"இதுல எழுத்து ஏதாவது இருந்ததா?"

"பாதி அழிஞ்சு 'வேலை'ன்னு மட்டும் இருந்துச்சு. அதுக்கு மேலயே அடிச்சுட்டேன் சார்."

நான் சிரித்திருக்கக் கூடாது. ஆனால் அலுவலக வாழ்க்கையில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. யாரோ ஓர் ஒப்பந்தக்காரர் குழாயோ கம்பியோ பதித்துவிட்டுத் தூக்கிப்போக மறந்த தடுப்பாக இருக்கும். அது விழும்போதெல்லாம் நிமிர்த்தி, துருப்பிடித்தபோது வண்ணமடித்து, எழுத்தை அழித்து எந்தக் கேள்விக்கும் இடமில்லாத கம்பீரத்தைக் கொடுத்து, தன் கடையைத் தானே காவல் காத்து மூடிக்கொண்டிருக்கிறார் ஒரு மனிதர். அரசாங்கம் இவ்வளவு சிரத்தையாக எதையும் செய்ததில்லை.

நிஜாமும் மெல்லச் சிரித்தார். பிறகு நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"ரஹ்மத்துக்குச் சொல்லிடாதீங்க சார்."

"சொல்லத்தான் போறேன். முதல்ல இது உண்மையிலேயே யாருடையதும் இல்லைன்னு தெரிஞ்சுக்கணும். எடுத்து ஓரமா வச்சுட்டு, நாளைக்கு யாராவது வந்து கேட்டா பதில் வேணும்."

பத்து மணிக்கு அலுவலகங்களுக்குக் கிளம்பினேன். இங்கே இளைஞர்களுக்கு ஒரு நடைமுறையைச் சொல்லித் தருகிறேன். ஒரு பொருள் எந்த அலுவலகத்துக்குச் சொந்தம் என்று கேட்டால் ஒரு வாரம் ஆகும். அந்தப் பொருளால் எனக்குச் சேதம் ஏற்பட்டது, பொறுப்பு யார் என்று கேட்டால் கால் மணி நேரத்தில் உண்மை வந்துவிடும். என்னிடம் கிழிந்த வேட்டி இருந்தது. மடித்துப் பையில் எடுத்துக்கொண்டேன்.

முதல் அலுவலகம் வீதிகளைப் பராமரிப்பது. பொறியாளர் வேட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எங்களோடது இல்லீங்க. நாங்க வச்சா மஞ்சக் கலருதான் வைப்போம்."

இரண்டாவது அலுவலகம் குழாய்களுக்கானது. தேநீர் வாங்கித் தந்தார்கள். நல்லவர்கள்.

"சார், அந்தத் தெருவுல குழாய் வேலை முடிஞ்சு பில்லும் பாஸாயிடுச்சு. சைட்டுல எங்க சாமான் ஒண்ணுகூட இல்லன்னு சர்டிபிகேட்டே கொடுத்தாச்சு. அப்புறம் எப்படி இருக்கும்?"

இருக்க முடியாதுதான். சான்றிதழுக்கு மேல் கண் ஏது. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்றாவது, போக்குவரத்துக் காவல். நிழலில் நின்ற காவலர் தன் சிவப்புத் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே சொன்னார்: "எங்க பேரிகேடுக்குக் கீழ சக்கரம் இருக்கும் பெரியவரே. சக்கரம் இருந்துச்சா?"

"இல்லை."

"அப்ப எங்களுது இல்ல. அந்தத் தெருவ அடைக்கச் சொல்லி எங்களுக்கு ஆர்டரும் கெடையாது."

மூன்று பேர் மறுத்துவிட்டார்கள். யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பொருள் பொது வழியில் கிடக்கிறது. அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

மாலையில் கடையில் கூடினோம். ரஹ்மத்திடம் நானே சொன்னேன். வண்ணமடித்த கதை வரை சொன்னேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கணவரையே பார்த்தார்.

"ஏன் மச்சான், பெயின்ட் மீந்தா வீட்டு ஜன்னலுக்கு அடிக்கச் சொன்னேனா இல்லையா?"

"சொன்னே."

"ஜன்னல் துருவேறிக் கெடக்கு. கடைய மூடின சாமானுக்குப் பூச்சு!" நிஜாம் தலையைக் குனிந்தார். ரஹ்மத் அந்தப் பார்வையை மாற்றாமலே சிரிக்கத் தொடங்கிவிட்டார். சிரிப்பு அடங்கியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்: "எடுத்தா புடிச்சிட்டுப் போக மாட்டாங்களேண்ணே?"

"எடுக்கப் போறதில்லை. ஒப்படைக்கப் போறோம்."

"அப்ப நாளைக்கு ஒரு தேக்ஸா இல்ல, ரெண்டு" என்றார்.

நிஜாம் பதறினார். "ஒண்ணே தீரல, ரெண்டா?"

"வழியத் தெறந்துட்டு வந்தவங்கள பசியோட அனுப்பச் சொல்றீங்களா?"

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி. பக்கத்துக் கடைக்காரரின் தள்ளுவண்டியை இரவல் வாங்கினோம். தடுப்பைத் தூக்கி அதில் படுக்கவைத்துக் கயிறு கட்டினோம். அந்துவான் இஸ்திரி போட்ட சட்டையில் பதக்கம் குத்திக்கொண்டு வந்திருந்தார். எதற்கு என்று கேட்டேன். "ஸ்டேசனுக்குப் போறமே" என்றார். அவர் முன்னால் நடந்தார். நிஜாம் வண்டியைத் தள்ளினார். நான் பக்கத்தில். செந்தில் தன் ஆட்டோவில் எங்களுக்குப் பின்னால் ஊர்ந்து வந்தார், பாதுகாப்புக்காம். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். "எங்க ஐயா ஊர்கோலம்?" என்று ஒருவர் கேட்டதற்கு அந்துவான் திரும்பாமலே, "கைதி" என்றார்.

காவல் நிலையத்தில் ரைட்டர் அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார்.

"என்ன சார் இது?"

"கண்டெடுத்த பொருள். ஒப்படைக்க வந்திருக்கோம்."

"பர்ஸு கொண்டாந்து கொடுப்பாங்க. தங்கச் சங்கிலிகூட ஒருத்தர் கொடுத்தாரு. பேரிகேடு கொண்டாந்து கொடுத்து நான் பாத்ததில்ல."

"சாலையில கிடந்தது. மூணு அலுவலகத்துல கேட்டாச்சு, அவங்களுது இல்லையாம். உரிமையாளர் வந்து அடையாளம் சொன்னா கொடுத்துடுங்க."

"என்ன அடையாளம்?"

"சிவப்பு, வெள்ளை. வலது மூலைத் தகட்டில என் வேட்டி நூல் இருக்கும்."

ரைட்டர் எழுந்து போய்ப் பார்த்தார். நூல் இருந்தது. அவர் முகத்தில், வாங்கினாலும் வம்பு, வாங்காவிட்டாலும் வம்பு என்ற அந்தப் பழைய துயரத்தைக் கண்டேன். நானும் எத்தனையோ காலைகளில் அதே முகத்தோடு உட்கார்ந்திருக்கிறேன். இரக்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் நகரவில்லை.

ஆய்வாளர் வந்தார். வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தார். முழுக் கதையும் கேட்டார். நிஜாமைப் பார்த்து, "நீங்களேவா பெயின்ட் அடிச்சீங்க?" என்றார்.

"ஆமாங்கையா. ரெண்டு கோட்டு."

ஆய்வாளர் சிரித்த சிரிப்பில் உள்ளே இருந்த காவலர்களும் வெளியே வந்தார்கள். "வாங்கி வைங்க ரைட்டர். நம்ம வாசலுக்கு ஒண்ணு வேணும்னு நாமளும் எத்தன நாளா கேட்டுக்கிட்டிருக்கோம். ஓனர் வர்ற வரைக்கும் நிக்கட்டும்." ரசீதில் கையெழுத்தானது. தடுப்பு நிலைய வாசலில் நின்றது. அதற்குரிய இடத்தில் நிற்பது போலத்தான் இருந்தது.

திரும்பி வந்தபோது வீதி ஏற்கெனவே வீதியாகிவிட்டிருந்தது. மீனுக்கு ஐஸ் ஏற்றிய டெம்போ ஒன்று முதலில் உள்ளே நுழைந்ததாகப் பக்கத்துக் கடைக்காரர் சாட்சி சொன்னார். அதற்குப் பின்னால் இருசக்கர வண்டிகள். முதன்மைச் சாலையின் நெரிசலுக்குப் பயந்தவர்கள் அத்தனை பேரும் இந்தக் குறுக்குவழிக்காக ஒரு வருடம் காத்திருந்தவர்கள்போல வந்தார்கள். எதிர்வீட்டு மாடியில் ஒரு பெண்மணி ஒலிப்பானின் சத்தத்தைத் திட்டினார். நிஜாம் அந்தத் திட்டை நின்று ரசித்துக் கேட்டார்.

செந்தில் தன் ஆட்டோ நிறுத்தத்துக்குப் போய்விட்டார். அவர் அங்கே என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. பன்னிரண்டு மணியிலிருந்து, "எங்க நல்ல சாப்பாடு கெடைக்கும்" என்று கேட்டு ஏறிய ஒவ்வொருவரையும் ஆட்டோக்காரர்கள் நிஜாமின் கடை வாசலில்தான் இறக்கினார்கள். திருநள்ளாற்றில் சனீஸ்வரனைத் தரிசிக்க வந்து, அசைவம் கூடாது என்று சொன்ன ஒரு குடும்பத்தைக்கூட இறக்கிவிட்டார்கள். ரஹ்மத் அவர்களுக்குத் தயிர்சாதம் பிசைந்து கொடுத்தார்.

ஜும்மா முடிந்தது. பள்ளிவாசலிலிருந்து வந்த கூட்டம் வண்டிகளை வீதியிலேயே நிறுத்தியது. கோவில்பத்திலிருந்து வங்கி ஊழியர்கள் மூன்று வண்டிகளில் வந்தார்கள். அம்பகரத்தூரிலிருந்து நெல் வியாபாரத்துக்கு வந்த நான்கு விவசாயிகள் ஒரு சஹனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒரே தட்டில் எப்படித் தொடங்குவது என்று தயங்கினார்கள்.

"அவங்கவங்க பக்கத்துலேந்து தின்னுக்கிட்டே நடுவுக்கு வாங்க" என்றார் நிஜாம். "நடுவுல கறி இருக்கு. யாரு மொதல்ல வர்றாங்களோ அவங்களுக்கு."

"இது எங்க ஊரு வாய்க்கால் பங்கீடு மாதிரில்ல இருக்கு!" என்றார் அவர்களில் ஒருவர். அதற்கப்புறம் தயக்கம் இல்லை.

நான் ஒற்றை ஆள். சஹனுக்கு நான்கு பேர் வேண்டும். அந்துவான் உட்கார்ந்தார். செந்தில் ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். நான்காவது ஆளுக்கு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ரைட்டர், சீருடை இல்லாமல், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி வந்தார்.

"உரிமையாளர் வந்துட்டாரா?" என்று கேட்டேன்.

"அவரு வரல சார். பசி வந்துச்சு."

நால்வரும் ஒரே தட்டில் கை வைத்தோம். நான் பல விசாரணைக் குழுக்களில் உறுப்பினராக இருந்திருக்கிறேன். இவ்வளவு விரைவாக ஒருமித்த முடிவுக்கு வந்த குழு வேறு இல்லை.

இரண்டே முக்காலுக்கு முதல் தேக்ஸா காலி. இரண்டாவதைத் திறந்த அவசரத்தில் நிஜாம் மூடியைக் கீழே போட்டுவிட்டார். நான்கு மணிக்கு அதுவும் காலி. கடைசியாக வந்த இருவருக்கு, வீட்டில் உள்ளவர்களுக்கு என எடுத்து வைத்திருந்த சோற்றை ரஹ்மத் போட்டார். வீட்டுக்குப் பரோட்டா வெளியிலிருந்து வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை புறவழிச்சாலையைச் சுருட்டி மடித்துவிடாது. அலுவலகங்கள் திரும்பி வரப்போவதில்லை. செல்போன் பிரியாணி நாளைக்கும் வரும். இவையெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் இந்தக் கடை அவற்றால் மட்டும் சாகவில்லை என்பதும், வழி விட்டால் ஜனங்கள் நாக்கு இருக்கும் பக்கம் வருவார்கள் என்பதும் அன்று மாலை நான்கு மணிக்கு நிரூபணமாகிவிட்டன. மேல்முறையீட்டுக்கு இடமில்லை.

மாலை ஆறரைக்குக் குடோன் தம்பி வந்தார். பணிவான இளைஞர். வீதியில் காரை நிறுத்த இடமில்லாமல் இரண்டு முறை சுற்றி வந்ததாகச் சொன்னார். சாயங்காலச் சமோசாவுக்கு ஆறு மேசைகளும் நிறைந்திருந்தன. கையில் அட்வான்ஸ் உறையோடு வாசலில் நின்றவரை ரஹ்மத் பார்த்தார்.

"எடம் காலியில்ல தம்பி."

"பரவால்லக்கா, நிக்கிறேன்."

"உக்கார்ற எடத்தச் சொல்லல. கடையச் சொல்றேன்."

அவர் உறையையும் கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உறையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, "அப்ப ரெண்டு சமோசா கொடுங்க" என்றார். அவருக்கு ரஹ்மத் காசு வாங்கவில்லை.

அந்த நேரத்தில் நிஜாமின் கைபேசி அடித்தது. துபாயிலிருந்து மச்சினன். ஒரு கையில் தட்டும் மறு கையில் கைபேசியுமாக அவர் கத்தினார்: "இப்பப் பேச நேரமில்லடா! என்னது, விசாவா? வேற யாருக்காச்சும் கொடு. இங்க மேசை தொடைக்க ஆள் பத்தல!" உள்ளே எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்ற ரஹ்மத் திரும்பவில்லை. சமோசாவைத்தான் புரட்டிக்கொண்டிருந்தார். ஆனால் அவர் கழுத்து நிமிர்ந்ததைப் பார்த்தேன்.

சனிக்கிழமை காலை எட்டரை மணிப் பேருந்துக்குப் புறப்பட்டேன். விடைபெறவும் காலைச் சிற்றுண்டிக்குமாகக் கடைக்குப் போனேன். ஆட்டோ முப்பது ரூபாய், வாசலிலேயே இறங்கினேன். உட்கார்ந்து இடியாப்பத்தைப் பிட்டு வாயருகே கொண்டுபோகும்போது ரஹ்மத் வந்து நின்றார்.

"அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க. வெளியூர்க்காரங்க அஞ்சு பேரு நிக்கிறாங்க. கொஞ்சம் எந்திரிக்கிறீங்களா? பார்சல் கட்டித் தர்றேன், பஸ்ஸுல சாப்டுக்கலாம்."

எழுந்தேன். என் தட்டு பொட்டலமானது. நிஜாம் கல்லாவுக்கும் அடுக்களைக்கும் நடுவில் எங்கோ இருந்தார். குரல் மட்டும் கேட்டது. போய் வருகிறேன் என்று அந்தத் திசையில் சொன்னேன். "மூணாம் நம்பருக்குப் பாயா!" என்று பதில் வந்தது.

பேருந்து நிலையத்தில் என்னை வழியனுப்ப ஒருவரும் இல்லை. எங்கள் மயிலாடுதுறையில் கடைத்தெரு உணவகங்களுக்குப் போனால் முதலாளியே எழுந்து வந்து உட்காரச் சொல்லி, ஊர் நியாயம் பேசி, வாசல்வரை வந்து வழியனுப்புகிறார். அவருக்கு அவ்வளவு நேரம் இருக்கிறது. அந்த மரியாதையில் நான் இதுவரை பெருமைப்பட்டிருக்கிறேன். இனி அது என்னைக் கவலைப்படுத்தும்.

பூவம் வரும்போது பொட்டலத்தைப் பிரித்தேன். இடியாப்பம் இன்னும் சூடாக இருந்தது. அவசரத்தில் சர்க்கரை வைக்க மறந்துவிட்டார்கள்.